பி பெறுமதி 0.08 என்றால் பசளை வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவசாயம் படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கமும் வவுணதீவுப் பக்கமுமாகப் பத்து விவசாயிகளின் வயல்களை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு வயலையும் நடுவில் வரம்பு கட்டி இரண்டாக்கி, ஒரு பாதிக்கு வழக்கமான யூரியாவும் மற்றப் பாதிக்கு யூரியாவைக் குறைத்து சேதனப் பசளை கலந்தும் போட்டிருக்கிறார். எந்தப் பாதிக்கு எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்திருக்கிறார். அறுவடையில் வந்த வித்தியாசம், ஏக்கருக்குப் புசல் (நெல் அளக்கும் அலகு) கணக்கில், கலப்புப் பாதியிலிருந்து யூரியாப் பாதியைக் கழித்தால்: 9, 4, 6, −7, 3, 11, 5, −5, 7, 2. சராசரி 3.5 புசல் கூட. ஒரே வயலின் இரண்டு பாதிகளையும் சோடியாக ஒப்பிடுகிற சோடி ரி சோதனை செய்து பார்த்தால் பி பெறுமதி 0.084; வழக்கமாக 0.05 இற்குக் கீழே வந்தால்தான் “சிக்னிபிகன்ட்”, அதாவது கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம், என்பார்கள். மேற்பார்வை செய்கிற சேர் “வித்தியாசம் இல்லை என்று எழுதுங்கள்” என்கிறார். கூடப் படிக்கிற தோழி “ஒருபக்கச் சோதனையாக மாற்று, 0.042 வரும், சிக்னிபிகன்ட் ஆகிவிடும்” என்கிறாள். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த 0.084 எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளிவிபர மென்பொருளில் பட்டனை அழுத்தி வருகிற இலக்கத்தை 0.05 உடன் ஒப்பிட்டுவிட்டு எழும்பிவிடுகிறார்கள், அது எதை அளக்கிறது என்று ஒரு தடவையாவது கையால் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

கையால் போடலாம், உங்களுடைய தரவை வைத்தே. சூனியக் கருதுகோள் என்ன சொல்கிறது? இரண்டு பசளைக்கும் விளைச்சலில் எந்த வித்தியாசமும் இல்லை, ஒரு பாதி கூடக் கொடுத்ததும் மற்றது குறையக் கொடுத்ததும் மண், தண்ணீர், பூச்சி போன்றவற்றால் நடந்தது, அவ்வளவுதான். அது உண்மை என்று ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் முதல் வயலில் ஒரு பாதி மற்றதை விட 9 புசல் கூடக் கொடுக்கத்தான் போகிறது, எந்தப் பசளையைப் போட்டிருந்தாலும். அந்த நல்ல பாதிக்குக் கலப்புப் பசளை போனது நீங்கள் காசு சுண்டியதால். காசு மறுபக்கம் விழுந்திருந்தால் உங்கள் தாளில் +9 இற்குப் பதில் −9 இருந்திருக்கும். பத்து வயலுக்கும் இதே கதை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு, ஆகவே மொத்தம் 1024 விதமாக இந்தக் குறிகள் விழுந்திருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரே நிகழ்தகவு.

இப்போது எண்ண வேண்டியதுதான். உங்கள் வித்தியாசங்களின் கூட்டுத்தொகை 35. குறிகளை எல்லாம் நேராக்கினால் 59. 35 அல்லது அதற்கு மேல் வர வேண்டுமென்றால் மறைக் குறி விழுகிற இலக்கங்களின் கூட்டுத்தொகை 12 ஐத் தாண்டக்கூடாது. அப்படி எத்தனை விதம் என்று நான் உட்கார்ந்து எண்ணினேன், 50 விதம். எதிர்ப்பக்கமும் அதே போல, −35 அல்லது அதற்குக் கீழே வருவது இன்னொரு 50. ஆக 1024 இல் 100, அதாவது 0.098. இதுதான் பி பெறுமதி, சூத்திரம் எதுவும் இல்லாமல். பசளைக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும், வெறும் காசு சுண்டலால் மட்டும், இந்த அளவோ இதை விடப் பெரிய அளவோ வித்தியாசம் பத்துத் தடவைக்கு ஒரு தடவை கண்ணில் படும். ரி சோதனை இதையே வேறு வழியில், வித்தியாசங்கள் செவ்வன் பரம்பலிலிருந்து (நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சமச்சீராகக் குறைகிற மணி வடிவப் பரம்பல்) வந்தவை என்ற எடுகோளோடு கணக்கிட்டு 0.084 என்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் பிஷர் 1935 இல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்புப் புத்தகத்தில் இதைத்தான் செய்து காட்டினார். சார்ள்ஸ் டார்வின் வளர்த்த 15 சோடிச் சோளச் செடிகளின் உயர வித்தியாசத்தை எடுத்து, 32,768 விதமான குறிச் சேர்க்கைகளில் எத்தனை டார்வினுக்குக் கிடைத்த அளவுக்கு வரும் என்று எண்ணினார். எண்ணி வந்தது 5.27 சதவீதம், ரி சோதனை கொடுத்தது 4.97 சதவீதம். கணினி இல்லாத காலத்தில் செய்த வேலை அது, உங்களுடைய 1024 ஐ ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

இந்த எண்ணிக்கை முழுவதும் அந்தக் காசின் மேல்தான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் காசு சுண்டித்தான் எந்தப் பாதிக்கு எது என்று முடிவெடுத்ததாகக் கேள்வியில் எழுதியிருந்தது எனக்கு மிகவும் சந்தோசம். வயலைத் தெரிந்த எவருக்கும் தெரியும், வக்கடையால் தண்ணீர் வந்து விழுகிற பக்கமும் கடைசியில் தண்ணீர் போய்ச் சேருகிற பக்கமும் ஒரே மாதிரி விளையாது. “வாய்க்கால் பக்கம் புதுப் பசளையைப் போடுங்கோ பிள்ளை, அங்கே நல்லா வரும்” என்று விவசாயி ஐயா அன்பாகச் சொல்லுவார். அதைக் கேட்டிருந்தால் உங்கள் 3.5 புசல் பசளையால் வந்ததா வாய்க்காலால் வந்ததா என்று உலகத்தில் எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எழுமாற்றாக்கம் என்று பாடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான், என்னைக் கேட்டால் முழுப் பாடத்திலும் இதை விட முக்கியமானது எதுவும் இல்லை.

சரி, இனி 0.084 எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம். “பசளை வேலை செய்யாமல் இருப்பதற்கான நிகழ்தகவு 8.4 சதவீதம்” என்று அதை வாசிப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை, விரிவுரையாளர்கள் உட்பட. நாம் கணக்கைத் தொடங்கும்போதே பசளையில் வித்தியாசம் இல்லை என்று எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட ஒன்றின் நிகழ்தகவை அந்தக் கணக்கே திருப்பிச் சொல்ல முடியாது. அதற்கு வேறொரு தகவலும் வேண்டும்: இந்த மாதிரி யோசனைகள் பொதுவாக எத்தனைக்கு எத்தனை பலிக்கின்றன? நூறு புதுக் கலவைகளைப் பரிசோதிக்கிறோம், அவற்றில் 10 மட்டும்தான் உண்மையில் விளைச்சலைக் கூட்டும் என்று வையுங்கள். ஆய்வின் வலு, அதாவது உண்மையில் இருக்கிற வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு, 50 சதவீதம் என்றால் அந்தப் பத்தில் 5 ஐக் கண்டுபிடிப்போம். ஒன்றுக்கும் உதவாத 90 இல் 5 சதவீதம், அதாவது நாலோ ஐந்தோ, தற்செயலாக 0.05 இற்குக் கீழே வந்துவிடும். ஆகவே “சிக்னிபிகன்ட்” என்று கைதட்டப்பட்டவற்றில் கிட்டத்தட்டப் பாதி பொய். ஒவ்வொரு தனி ஆய்விலும் பிழை 5 சதவீதம்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016 இல் பி பெறுமதி பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவை இது அளக்காது, ஒரு எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

அந்த 0.05 எல்லை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1925 இல் பிஷர் ஆய்வாளர்களுக்காக எழுதிய புத்தகத்தில், இருபதுக்கு ஒன்று என்பதை எல்லையாக எடுப்பது வசதி என்று எழுதினார். வசதி, அவ்வளவுதான். அவர் அப்போது இங்கிலாந்தில் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தார், உங்களைப் போல வயலும் பசளையும்தான் அவருக்கும் தொழில். ரி சோதனையைத் தந்த வில்லியம் கொசெட்டும் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலைக்காரர், 1908 இல் “ஸ்டூடன்ட்” என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார், நாலைந்து அளவீடுகளை வைத்துக்கொண்டு பார்லியைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. பிறகு 1933 இல் புள்ளிவிபரவியலாளர்களான நெய்மனும் எகன் பியர்சனும், இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்பது முதலாம் வகை வழு, இருக்கிற வித்தியாசத்தைத் தவறவிடுவது இரண்டாம் வகை வழு என்று பிரித்து, எல்லையை முன்கூட்டியே வைத்து முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிஷருக்கும் நெய்மனுக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. இன்று நம் பாடக்குறிப்புகளில் இருப்பது இருவருடையதையும் சேர்த்துப் பிசைந்த ஒன்று, குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். எல்லாத் துறைக்கும் 0.05 பொருந்தவும் இல்லை. 2012 இல் சேர்ன் எனப்படும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுகூடத்தில் ஹிக்ஸ் துகளை அறிவிக்கும்போது அவர்கள் வைத்திருந்த எல்லை ஐந்து நியம விலகல் (சராசரியைச் சுற்றிய சிதறலை அளக்கும் அளவு), ஏறக்குறைய 35 இலட்சத்துக்கு ஒன்று. பிழையாகச் சொன்னால் என்ன நட்டம், சொல்லாமல் விட்டால் என்ன நட்டம் என்பதைப் பார்த்து வைக்க வேண்டிய இலக்கம் அது.

சேர் சொன்னதற்கு வருகிறேன். “வித்தியாசம் இல்லை” என்று எழுதச் சொன்னது பிழை. பெரிய கண் வலையை வாவியில் வீசிவிட்டு, கூனி அகப்படவில்லை, ஆகவே வாவியில் கூனியே இல்லை என்று சொல்ல முடியுமா? உங்கள் வலையின் கண் எவ்வளவு பெரிது என்று பார்க்கலாம். வித்தியாசங்களின் நியம விலகல் 5.7 புசல். பத்து வயலுக்கு சராசரியின் நியம வழு, அதாவது சராசரி தற்செயலால் எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, 1.8. உண்மையான வித்தியாசம் சரியாக 3.5 தான் என்று வைத்துக்கொண்டாலும், பத்து வயலோடு இதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால் பாதிக்கும் குறைவான தடவைகளில்தான் பி 0.05 இற்குக் கீழே இறங்கும். அதாவது பசளை உண்மையிலேயே வேலை செய்தாலும், செய்யவில்லை என்று எழுதுகிற வாய்ப்புத்தான் அதிகம். இதுதான் இரண்டாம் வகை வழு. நம்முடைய மாணவர் ஆய்வுகளில் நடக்கிற சேதத்தில் பெரும்பகுதி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காசும் இல்லை, நேரமும் இல்லை, பத்து வயல்தான் கிடைத்தது, சரி. அதற்காகக் கிடைக்காத பதிலை கிடைத்ததாக எழுத முடியாது.

எழுத வேண்டியது நம்பிக்கை ஆயிடை, அதாவது தரவோடு ஒத்துப்போகிற வித்தியாசங்களின் வீச்சு. 3.5 இலிருந்து இரண்டு பக்கமும் 2.26 (பத்து வயலுக்கு ரி அட்டவணை தருகிற இலக்கம்) தர 1.8 போனால், 95 சதவீத ஆயிடை −0.6 இலிருந்து 7.6 புசல் வரை. இதை வாசித்துப் பாருங்கள். ஏக்கருக்கு அரைப் புசல் நட்டம் வரலாம், ஏழரைப் புசல் லாபமும் வரலாம், இந்தத் தரவு இரண்டையும் தள்ளிவிடவில்லை. சம்மாந்துறையிலோ ஏறாவூரிலோ நெல் விதைக்கிற ஒருவரிடம் “பி 0.084” என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது, இந்த ஆயிடையைச் சொன்னால் உடனே விளங்கும், சேதனப் பசளைக்குப் போகிற செலவோடு ஒப்பிட்டு அவரே முடிவெடுப்பார். “வித்தியாசம் இல்லை” என்ற வரி அவரிடமிருந்து அந்த ஏழரைப் புசலை மறைத்துவிடுகிறது.

தோழியின் யோசனை இன்னும் மோசம், அவ நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பா என்றாலும். ஒருபக்கச் சோதனை தன்னளவில் தப்பில்லை. விதைக்க முதலே “கலப்புப் பசளை கூடக் கொடுக்கிறதா என்பது மட்டும்தான் எனக்குக் கேள்வி, குறையக் கொடுத்தால் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்” என்று எழுதி வைத்திருந்தால் செய்யலாம். யூரியாவைக் குறைத்திருக்கிறீர்கள், விளைச்சல் விழவும் வாய்ப்பிருந்தது, அப்படி விழுந்திருந்தால் நீங்கள் அதையும் எழுதியிருப்பீர்கள்தானே? அப்படியானால் உங்கள் கேள்வி இரண்டு பக்கமும்தான். இலக்கத்தைக் கண்ட பிறகு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்துக்குச் சோதனையை மாற்றுகிறவர், வாயால் 5 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 10 சதவீத வழுவை எடுத்துக்கொள்கிறார். இந்தப் பழக்கம் இதோடு நிற்பதும் இல்லை. விளைச்சலில் வரவில்லையா, கதிர் நீளத்தைப் பார், அதிலும் இல்லையா, மட்டம் வெடித்த எண்ணிக்கையைப் பார், ஆயிரம் மணி நிறையைப் பார் என்று போகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனை செய்தால், எதிலுமே வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஒன்றாவது 0.05 இற்குக் கீழே வருகிற வாய்ப்பு 64 சதவீதம். இருபதையும் சொல்லிவிட்டு அந்த ஒன்றைச் சொன்னால் அது நேர்மை, அந்த ஒன்றை மட்டும் சொன்னால் வாசிக்கிறவருக்கு அது எத்தனையாவது தேடல் என்று தெரிய வழியே இல்லை.

இன்னொரு யோசனையும் உங்களுக்கு யாராவது சொல்லுவார்கள், முன்கூட்டியே எச்சரிக்கிறேன். ஒவ்வொரு பாதியிலும் ஐந்து இடத்தில் ஒரு மீற்றர் சதுரச் சட்டம் வைத்து வெட்டி நிறுத்து, சராசரி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். “ஏன் சராசரி எடுத்தாய், ஐம்பது சோடியாகவே போடு, பி தானாக இறங்கும்” என்பார்கள். இறங்கும்தான், ஆனால் அது பொய்யாக இறங்குவது. ஒரே வயலில் வெட்டிய ஐந்து சட்டமும் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே விவசாயியின் கைப்பக்குவம். நீங்கள் காசு சுண்டியது பத்துத் தடவைதான், ஆகவே உங்கள் மாதிரியின் பருமன் பத்துத்தான். அதே போல, ஒரு வயலில் யானை இறங்கி மிதித்து நாசமாக்கியிருந்தால் அந்த வயலை விடலாம், விடுவதற்கான விதி அறுவடை நிறை தெரிவதற்கு முன் எழுதப்பட்டிருந்தால். −7 வந்த வயலைப் பார்த்துவிட்டு “அங்கே எலித் தொல்லை கொஞ்சம் இருந்தது” என்று ஞாபகம் வருவது மனித இயல்பு. +11 வந்த வயலில் எலி இருந்ததா என்று யாரும் போய்க் கேட்பதில்லை.

பி பெறுமதி மிகச் சிறிதாக வந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. இந்த முறைக்கு மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று 1710 இல் ஜோன் ஆர்பத்னொட் செய்தது. இங்கிலாந்து அரசி ஆனின் வைத்தியர் அவர். லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளை 82 வருடத்துக்கு எடுத்துப் பார்த்தார், ஒவ்வொரு வருடமும் ஆண் குழந்தைகளே கூட. ஆணும் பெண்ணும் சம வாய்ப்பு என்றால் ஒரு வருடத்தில் ஆண் கூடுவதற்கு அரைக்கு அரை, 82 வருடமும் தொடர்ந்து கூடுவதற்கு அரையை 82 தடவை பெருக்க வேண்டும், 48 இற்குப் பின்னால் 23 பூச்சியம் போட்டு அதில் ஒன்று. தற்செயல் இல்லை என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. அதிலிருந்து நேராக, இது கடவுளின் ஏற்பாடு என்ற முடிவுக்குப் போனார். சோதனை சொன்னது “சம வாய்ப்பு இல்லை” என்பதை மட்டும்தான், ஏன் என்பதை அது சொல்லவே இல்லை. உங்கள் வயலில் நாளைக்கே பி 0.001 வந்தாலும், விளைச்சல் கூடியது சேதனப் பசளையின் போசணையாலா, அது மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைத்ததாலா, யூரியாவை விவசாயி வழக்கமாக அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டிருந்ததாலா என்பதை வேறு அளவீடுகள்தான் சொல்ல வேண்டும். அப்புறம், மாதிரி மிகப் பெரிதானால் ஏக்கருக்குக் கால் புசல் வித்தியாசம் கூட 0.05 இற்குக் கீழே போய்விடும், அதற்காக யாரும் பசளையை மாற்ற மாட்டார்கள். அதனால்தான் எப்போதும் புசலையும் ஆயிடையையும் முதலில் எழுதச் சொல்கிறேன்.

ஆய்வறிக்கையில் எழுத வேண்டியதை இப்படி வையுங்கள்: கலப்புப் பசளை இட்ட பாதிகளில் விளைச்சல் சராசரியாக ஏக்கருக்கு 3.5 புசல் கூடுதலாக இருந்தது, 95 சதவீத நம்பிக்கை ஆயிடை −0.6 முதல் 7.6 வரை, இருபக்க சோடி ரி சோதனையில் பி 0.084. பத்து வயல்களில் எட்டில் கலப்புப் பாதி கூடக் கொடுத்தது. விளைச்சல் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல இத்தரவு போதாது, கூடவில்லை என்று சொல்லவும் போதாது. பத்து வித்தியாசங்களையும் அட்டவணையாகப் போடுங்கள். சேர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஆயிடையைக் காட்டி, “7.6 புசல் வரை லாபம் இருக்கக்கூடும் என்கிற தரவை வைத்துக்கொண்டு வித்தியாசம் இல்லை என்று எப்படி சேர் எழுதுவது” என்று மரியாதையாகக் கேளுங்கள், நல்ல ஆசிரியர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அடுத்த மாரிப் போகத்தில் உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் யாராவது இதைத் தொடர்வதாக இருந்தால், எத்தனை வயல் வேண்டும் என்பதை இப்போதே சொல்லலாம். நியம விலகல் 5.7 என்று எடுத்து, 3.5 புசல் வித்தியாசத்தை 80 சதவீத வலுவோடு பிடிக்க 23 வயல் அளவில் வேண்டும். 2 புசலையும் தவறவிடக்கூடாது என்றால் 66 வயல். பிடிக்க வேண்டிய வித்தியாசம் பாதியானால் வயல் எண்ணிக்கை நாலு மடங்காகும், அதனால் எந்த வித்தியாசம் முக்கியம் என்பதை முதலில் விவசாயிகளிடம்தான் கேட்க வேண்டும், எத்தனை புசல் கூடினால் சேதனப் பசளையின் செலவும் ஏற்றுக்கூலியும் கட்டுப்படியாகும் என்று. இப்போது வந்த 3.5 ஐ அப்படியே இலக்காக வைக்க வேண்டாம், சிறிய ஆய்வில் வந்த சராசரி எந்தப் பக்கமும் நிறைய விலகியிருக்கலாம். உங்கள் 5.7 ஐ மட்டும் அறிக்கையில் விடாமல் போடுங்கள். படுவான்கரை வயல்களில் ஒரே வயலின் இரண்டு பாதிகளுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் வரும் என்பது அந்த இலக்கத்தில்தான் இருக்கிறது, அடுத்து ஆய்வு செய்கிறவர் தன் கணக்கை அதிலிருந்துதான் தொடங்க முடியும்.